கஞ்சி போட்ட மேண்டலின்

எனக்குச் சங்கீதம் வராது என்பதை நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே எங்கள் சபையார் கண்டுபிடித்துவிட்டார்கள். அது ஒரு கிறிஸ்மஸ் காலையில் நடந்தது.

அதுவரை எங்கள் ஜெபாலயத்தில் பாட்டுக்குச் சுருதி கொடுத்துவந்தது ஒரு துரைசானியின் ஆர்மோனியம். துரைசானி சீமைக்குப் போனபோது அதுவும் கூடவே கப்பலேறிவிட்டது. நான் ஆரணி மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுப்பவன். வண்டி வண்டியாகப் புஸ்தகம் படித்தவன், ஆகையால் சுருதியும் பிடிப்பான் என்று சபையார் நினைத்தார்கள். அவர்கள் நினைத்ததில் குற்றமில்லை. நானும் அப்படியே நினைத்ததுதான் விசேஷம்.

எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, கீர்த்தனையின் முதல் அடியை ரொம்ப உயரத்தில் எடுத்துக்கொடுத்தேன். இரண்டாம் அடியில் கிழவர்கள் நின்றுபோனார்கள். மூன்றாம் அடியில் ஆண்பிள்ளைகள் எல்லாரும். சரணத்துக்கு வரும்போது அந்த உயரத்தில் என் மனைவி ஒருத்திதான் மிச்சம். அவள் எங்கள் சபையிலேயே நல்ல குரல் உள்ளவள். அவளும் ஒரு இடத்தில் இருமினாள். உபதேசியார் கையை உயர்த்தி, "ஜெபம் பண்ணுவோம்" என்றார். பாட்டு முடிந்ததற்காகவா, பிழைத்ததற்காகவா என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தோம். சோறு போடும்போது என் மனைவி சொன்னாள்.

"அடுத்த வருஷம் சுருதி சொல்றதுக்கு ஏதாச்சும் ஒண்ணு வாங்குங்க. இல்லாட்டி நீங்க வாயைத் தொறக்காம இருங்க. ரெண்டுல எது சல்லிசோ அதைப் பண்ணுங்க."

இரண்டாவதுதான் சல்லிசு என்பது எனக்கும் தெரியும். ஆனால் படித்தவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதைப்போலச் செலவுள்ள காரியம் வேறில்லை.

ஆர்மோனியத்துக்கு எங்களுக்கு வக்கில்லை. பிடிலுக்குக் காது வேண்டும். அப்போதுதான் மிஷன் பங்களாவில் பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது, அதிகம் செலவில்லாமல் நல்ல மேண்டலின் ஒன்றைத் தெரிந்தெடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை அகப்பட்டது. படத்தோடு இருந்தது. வீணைக்கு இருப்பதுபோல் கழுத்தில் குறுக்கே பித்தளை மெட்டுகள். விரலை எங்கே வைப்பது என்று காது சொல்ல வேண்டாம், மெட்டே சொல்லிவிடும். என்னைப்போன்றவர்களை மனதில் வைத்துத்தான் யாரோ ஒரு புண்ணியவான் செய்திருக்கிறான் என்று தோன்றியது. கட்டுரையை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

பணத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பெட்டியைத் திறந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து மூன்று வருஷமாக அவள் சேர்த்துவைத்திருந்தது அதில் இருந்தது. ஒரு பட்டுப் புடவைக்காகச் சேர்த்தது. ஆரணியில் வீட்டுக்கு வீடு பட்டு நெய்கிறார்கள். அதைக் கட்டிக்கொள்கிறவர்கள்தான் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள், தனக்கென்று ஒரு பட்டு அவள் கட்டியதில்லை.

வேண்டாம் என்று நான் சொன்னேன். ரொம்பவும் வற்புறுத்திச் சொல்லவில்லை.

"புடவையை அப்புறம் கட்டிக்கலாங்க. மானம் இந்த வருஷமே வேணும்" என்றாள்.

அதோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். உபதேசியார் காதுக்கும் போயிற்று. அவருக்கு ஆரம்பத்திலிருந்தே மத்தளத்தின்மேல்தான் பிரியம். தோல் உள்ளூரிலேயே கிடைக்கும், அடித்தால் சத்தம் வரும், வேறென்ன வேண்டும் என்பது அவர் கட்சி. என் மேண்டலின் தோற்றுப்போவதற்காகக் கிறிஸ்தவப் பொறுமையோடு காத்திருக்கத் தொடங்கினார். ஒரு புடவையும் ஒரு கிறிஸ்மஸும் என் தலையில் வந்து உட்கார்ந்தன.

டிசம்பர் பிறக்கும் சமயம், சீமைக்குத் திரும்பும் ஒரு இஞ்சினீர் துரையின் சாமான்கள் வேலூரில் ஏலத்துக்கு வருகின்றன என்றும் அதில் மேண்டலின் இரண்டு என்றும் தெரியவந்தது. என் கட்டுரையின் முதல் விதி, நன்றாக வாசிக்கத் தெரிந்த சிநேகிதர் ஒருவரைக் கூட அழைத்துப்போக வேண்டும் என்பது. ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு வரைக்கும் தேடினாலும் மேண்டலின் என்ற சொல்லைக் கேட்டவனே நான் ஒருவன்தான். அதனால் முள்ளிப்பட்டு நெசவுக்காரர் ஒருவரை அழைத்துப்போனேன். ரங்கூனிலிருந்து அவர் தம்பி எழுதும் கடிதங்களை நான் படித்துச் சொல்வேன். பதிலுக்கு என் அபிப்பிராயங்களை அவர் கேட்டுக்கொள்வார். யாருக்கு நஷ்டம் என்று நாங்கள் விசாரித்ததில்லை. முதலாளியின் புடவைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கும் வேலூரில் வேலை இருந்தது.

ரயில் வந்த புதிது. ஆரணி ரோடு என்று ஸ்டேஷனுக்குப் பெயர். ஆரணி அங்கே கிடையாது, ரோடுதான் உண்டு. அந்த ரோட்டில் மாட்டுவண்டியில் குலுங்கிப் போய், ரயிலேறி, வேலூர் போய்ச் சேர்ந்தோம்.

பங்களா வாசலில் நாற்காலிகள், குளிக்கிற தொட்டி, மான்கொம்புகள் எல்லாம் பரப்பிக் கிடந்தன. ஒரு மேஜைமேல் மேண்டலின்கள் இரண்டு. ஒன்று கல்யாணப் பெண்போல இருந்தது. உடம்பெல்லாம் முத்துச்சிப்பி பதித்து, வயிற்றில் ஒரு பட்டாம்பூச்சி, ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தியும் மினுக்கிக்கொண்டு. மற்றது சுரைக்காயை நெடுக்காகப் பிளந்ததுபோல் இருந்தது. அலங்காரமும் இல்லை, தந்தியும் இல்லை.

சிநேகிதர் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பட்டு பார்ப்பது அப்படித்தான். கனம் இருந்தால் சரக்கு, கனம் குறைந்தால் எங்கோ பட்டிலோ ஜரிகையிலோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"இதாங்க சரக்கு" என்று கல்யாணப் பெண்ணைக் காட்டினார். "கனத்தைப் பாருங்க. அது இன்னாது, வெறும் ஓடு."

நான் தாளைப் பிரித்தேன். மேண்டலின் லேசாக இருக்க வேண்டும், மரம் மெலிசாக இருந்தால்தான் நாதம் எழும் என்று இருந்தது. படித்துக் காட்டினேன்.

"புஸ்தகம் எழுதினவரு புடவை எடுத்திருக்க மாட்டாரு, வாத்யாரே."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தச் சிப்பியின்மேல்தான் கண். அலங்காரத்தில் மயங்காதே என்று தாளில் தனியாக ஒரு எச்சரிக்கை இருந்தது. அந்த வரியை மட்டும் நான் சிநேகிதருக்குப் படித்துக் காட்டவில்லை. பட்டாம்பூச்சியை மார்போடு அணைத்துக்கொண்டு சபைக்கு முன்னால் நான் நிற்பதும், உபதேசியார் வாயடைத்துப்போவதும் கண்ணுக்குள் வந்துபோயின. தந்தியைத் தட்டிப் பார்த்தேன். பித்தளைச் சொம்புக்குள் புளியங்கொட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம். பெரிய இடத்துப் பெண் அதிகம் பேசமாட்டாள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

தாளில் இன்னும் ஒரு விதி பாக்கி இருந்தது. கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்று நான் முழித்தேன். சிநேகிதர் மடியிலிருந்து ஒரு பட்டு இழையை உருவினார். அது இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. ஒரு நுனியை என்னிடம் கொடுத்துக் கழுத்தின் தலைப்பில் பிடிக்கச் சொல்லி, மற்ற நுனியைக் குடத்துப் பக்கம் இழுத்துப் பிடித்தார். பட்டாம்பூச்சியின் கழுத்துக்கும் இழைக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது.

அவர் முகம் சுருங்கியது. சுரைக்காயின்மேல் இழையை இழுத்தார். தலைப்பிலிருந்து குடம் வரை ஒரே படியாகப் படுத்துக்கொண்டது. மறுபடி பட்டாம்பூச்சி, மறுபடி சுரைக்காய். மூன்று தடவை பார்த்தார். புஸ்தகத்தை அவர் சந்தேகிப்பார், தன் கையைக்கூடச் சந்தேகிப்பார், இழையை மட்டும் சந்தேகிக்கமாட்டார்.

"அந்தக் கோணல் கட்டையைத் தறியில போட்டா பாவு நூலே நிக்காது. இத எடுங்க" என்றார். அப்புறமும் மனசு கேளாமல், "லேசாத்தான் கீது" என்று முணுமுணுத்தார்.

பட்டாம்பூச்சியை ஒரு ஜமீன் காரியஸ்தர், ஹாலில் மாட்டிவைக்கப் போவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். அதற்கு அதுதான் சரியான உத்தியோகம். சுரைக்காயை ஏலக்காரர் தூக்கிக் காட்டியபோது, குழம்பு ஊற்றவா என்று யாரோ கேட்டார்கள். வேறு கை எழவில்லை. என் கை எழுந்தது. கொண்டுபோனதில் பாதிகூடச் செலவாகவில்லை.

நல்ல மேண்டலினில் தந்தி இருக்க வேண்டும் என்று மட்டும் அந்தக் கட்டுரைக்காரர் எழுதவில்லை. அவ்வளவு தூரம் சொல்ல வேண்டியவர்களும் படிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். வேலூர்க் கடைவீதியில் வீணைத் தந்தி வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டி முறுக்கினேன். எனக்குத்தான் எதையும் உயரமாகத் தொடங்குகிற பழக்கமாயிற்றே. ஒவ்வொன்றாக அறுந்தன. மறுபடி ஆளனுப்பி வாங்கினேன், மறுபடி அறுந்தன. கடைசித் தந்தி என் கன்னத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிற்று. தந்திக்கும் ஆளுக்கும் ரயிலுக்குமாக மிச்சப் பணமும் தீர்ந்தது. பண்டிகைக்குப் பத்து நாள் இருந்தது.

என் மனைவி கன்னத்துக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். பிறகு காலிப் பெட்டியைத் துடைத்து மூலையில் தள்ளினாள். திட்டியிருந்தால் தேவலை.

சிநேகிதரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "நூலுக்கா பேஜாரு? அதுவும் எங்கிட்ட வந்து?"

மூன்றே நாளில் எட்டு இழை கொண்டுவந்தார். தறியில் மிஞ்சிய பட்டைக் கெட்டியாக முறுக்கியது. மெல்லியது நான்கு. தடியான நான்கின்மேல் ஜரிகையைச் சுற்றியிருந்தார். காசு வாங்கமாட்டேன் என்றார். அதோடு, ஒரு நல்ல நெசவுக்காரர் செய்ய வேண்டியதையும் செய்திருந்தார். முள்ளிப்பட்டில் கஞ்சி போடாத பாவு நூலைத் தறியில் ஏற்றமாட்டார்கள். இந்த எட்டுக்கும் அரிசிக் கஞ்சி போட்டு வெயிலில் விறைக்கக் காயவைத்திருந்தார்.

"ஈரம் பட்டு எளகிச்சுன்னா இழுத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார். தறிக்காரனுக்கு அதெல்லாம் ஒரு காரியமே இல்லை.

அந்த வாரமெல்லாம் நல்ல வெயில். சுரைக்காய் பாடியது. கணீரென்று அல்ல, பக்கத்து அறையில் யாரோ நல்ல சேதி சொல்லுகிறதுபோல. ஒரே ஒரு கீர்த்தனையை நான் பழகிக்கொண்டேன். என் மனைவி அடுப்படியில் இருந்தபடியே அதோடு சேர்ந்து பாடினாள். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் சேர்ந்து பாடினாள்.

கிறிஸ்மஸ் அன்று விடியும்போதே தூறல். மார்கழிக் குளிருக்குப் பயந்து ஜெபாலயத்து ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். உள்ளே ஈரத் துணியோடு சபை முழுதும். நான் முன்னால் பாயில் உட்கார்ந்து சுருதி கொடுத்தேன். பல்லவி அழகாக எழுந்தது. என் மனைவி ஒரே ஒரு தடவை உபதேசியார் பக்கம் பார்த்தாள்.

முதல் சரணத்தில் ஏதோ இளைப்பாறுவதுபோல் இருந்தது. கஞ்சி ஈரம் குடிக்கத் தொடங்கியிருக்கிறது. தந்தி தளர்ந்தது, சுருதி இறங்கியது. போன வருஷம் எனக்குப் பின்னால் வராமல் நின்றுவிட்ட அதே சபையார், சுருதிக்கென்றே காசு போட்டு வாங்கிய வாத்தியமாயிற்றே என்று இந்தத் தடவை பணிவோடு பின்னாலேயே இறங்கினார்கள். இரண்டாம் சரணத்தில் பெண்கள் ஆண்பிள்ளைக் குரலில் பாடினார்கள். மூன்றாவதில் ஆண்பிள்ளைகள் உறுமினார்கள். முன்வரிசை மூப்பர் ஒருவர், தன் தொண்டையில் அதுவரை போயிராத ஒரு இடத்துக்குப் போய்த் திகைத்து நின்றார். குருடனோடு கிணற்றுப் படியில் இறங்குகிறவளைப்போல என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

வாசற்படியில் என் சிநேகிதர் நின்றுகொண்டிருந்தார். அவர் சாமி வேறு, எங்கள் சாமி வேறு. ஆனால் தந்தி அவருடையது, அதைக் கேட்க வந்திருந்தார். சபையார் மூச்சு வாங்குகிற இடம் பார்த்துச் சொன்னார்:

"வாத்யாரே, பாவு தொங்குது. இழுத்துக் கட்டுங்க."

"ரெண்டு கையும் வேலையா கீதுங்க" என்றேன். பரிசுத்தமான ஒரு கீர்த்தனையின் நடுவில் நான் சேர்த்த ஒரே அடி அதுதான்.

சிரிப்பு எழுந்தது. இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அப்போது என் மனைவி என்னை விட்டுவிட்டாள். என்னை அங்கேயே, பள்ளத்திலேயே விட்டுவிட்டு, தான் மட்டும் ஏறி, நாங்கள் தொடங்கிய இடத்தில் போய் நின்று பல்லவியைப் பிடித்தாள். சிரிப்பு நின்றது.

சிநேகிதர் செருப்பை விட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார். எனக்கெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்காணிகளில் கைவைத்தார். தறியில் பாவு நூலை இறுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இழுக்க, ஒருவர் தட்டிப் பார்க்க. நான் தட்டினேன், அவர் முறுக்கினார். அவருக்கும் சங்கீதம் தெரியாது. ஆனால் இரண்டு இழை ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று தெரியும். என் மனைவி பிடித்திருந்த குரலையும் அவர் ஒரு இழையாகத்தான் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அதற்குச் சரியாக வரும் வரைக்கும் திருகினார். பிறகு அடுத்த ஜோடி. ஒவ்வொரு ஜோடி ஏற ஏற, பள்ளத்திலிருந்து சபையும் படிப்படியாக ஏறி வந்தது. கடைசிச் சரணத்தில் எல்லாரும் மேலே இருந்தோம். உபதேசியார் தன்னையறியாமல் வேதப் புஸ்தகத்தின் அட்டையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆக, அவளுக்குச் சுருதி கொடுக்க வாங்கிய வாத்தியத்துக்கு அவள்தான் சுருதி கொடுத்தாள். இதை வீட்டில் அவள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று, மன்னிப்பையும் புடவையையும் சேர்த்து ஒரு நீண்ட வாக்கியம் தயாரித்துக்கொண்டு வந்தேன். அவள் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள். மேண்டலினை மடியில் வைத்துக்கொண்டு ஜரிகை சுற்றிய தந்தியை விரலால் நீவினாள்.

"மூணு வருஷமா பட்டு பட்டுன்னு சொல்லிகினு இருந்தேன். எட்டு இழை வாங்கிக் குடுத்துட்டீங்க. பாக்கியையும் மெதுவா வாங்குங்க. கஞ்சி போடாம."

சிநேகிதர் கஞ்சியில்லாமல் வேறு எட்டு முறுக்கிக் கொடுத்தார். இன்றைக்கும் அவைதான் இருக்கின்றன. புடவை இரண்டு வருஷம் கழித்து, அவர் தறியிலிருந்தே வந்தது. என் மனைவி அதைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, மேலும் கீழும் ஆட்டிக் கனம் பார்த்தாள். லேசாக இருந்தால்தான் நல்லது என்று புஸ்தகத்தில் போட்டிருக்கிறதே என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே மறுபடியும் கனம் பார்த்தாள்.