படகில்லாமல் வந்த கடற்காகங்கள்

மாசி மாத மாலை ஒன்றில், மீமிசல் கரையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். வெளுத்த நீலச் சேலை, இடுப்பில் வெறும் கூடை. கடலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பக்கத்தில் நின்று நான் பைனாகுலரில் கடற்காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்த அலகு, வெளிறிய கண், கருத்த சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டு. பழுப்புத்தலைக் கடற்காகமேதான். கரை திரும்பும் படகுகளிலிருந்து வீசப்படும் கழிவு மீனுக்காகப் பின்னாலேயே கூச்சலிட்டு வருவது அவற்றின் வழக்கம்.

அன்றும் அப்படித்தான் ஒரு கூட்டம் வட்டமிட்டபடி கரையை நோக்கி வந்தது. ஆனால் கீழே படகு இல்லை.

“எங்க வீட்டுக்காரரு வாராரு தம்பி,” என்றார்.

“படகையே காணோமேம்மா?”

“படகு முங்கிப் போயி வருசக்கணக்காச்சு. காக்காதான் இன்னும் அவர விடாம கூட்டியாருது.”

பறவைகள் கரையோர நீரில் இறங்கி எதற்கோ அடித்துக்கொண்டன. மீன் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா முழங்கால் நீர் வரை போய் நின்றார். பிறகு, பக்கத்தில் யாரிடமோ மெல்லப் பேசியபடியே திரும்பி வந்தார்.

என்னருகே வந்ததும், “கொஞ்சம் வழி விடுங்க தம்பி,” என்றார்.

அவர் ஒருவர் போகத் தாராளமாக இடம் இருந்தது. ஆனாலும் நான் இன்னும் ஓரடி தள்ளி நின்றேன்.