‘வண்டி சரி’ என்று எழுத மாட்டேன்

எழுபதுகளின் நடுவில், மூணாறு பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆம்புலன்ஸ் டிரைவராக இருந்தேன். ஆம்புலன்ஸ் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழைய வேன். பின்பக்கம் ஒரு கட்டில், பக்கவாட்டில் சிவப்புச் சிலுவை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் யாருக்கு முடியாமல் போனாலும் மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் வேனுக்குப் புதுப் பேட்டரி வந்தது. ஒர்க்‌ஷாப் மேஸ்திரிதான் மாட்டினார். ஒயர்கள் அதன் முனைகளுக்குச் சரியாக எட்டவில்லை. அதனால் எது எதற்கு எட்டியதோ அதில் வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டார். வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. விளக்கும் பளிச்சென்று எரிந்தது.

ஆனால், சார்ஜ் காட்டும் ஊசி எப்போதும் சாயும் பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச தூரம் ஓட்டினேன். டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் போகும் வழியில் இருக்கும் சின்னக் கருப்புப் பெட்டி, வண்டு மாதிரி இரைந்தது. கை வைத்தால் சுட்டது. திரும்பி வந்து மேஸ்திரியிடம் சொன்னேன்.

“எலே, ஊசியப் பாத்தா வண்டி ஓட்டுத? ரோட்டப் பாத்து ஓட்டுலே. புதுப் பேட்டரின்னா ரெண்டு நாள் அப்படித்தான் காட்டும்” என்றார்.

தினமும் காலையில் டிரைவர் ஒரு நோட்டில் ‘வண்டி சரியாக இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மறுநாள் நான் எழுதவில்லை. அதற்கடுத்த நாளும் எழுதவில்லை. சின்ன தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். உதவி மேனேஜரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மேஸ்திரிக்குப் பதினாலு வருஷ அனுபவம் என்று சொல்லி, எனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் உண்மை. எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. ஏதோ தப்பு என்று மட்டும் தெரிந்தது. அதைத்தான் சொன்னேன். மெமோ வரும் என்றார். வேலை போனால் லயத்து வீடும் போகும். யூனியன்காரர்கூட, “ஒரு கையெழுத்துதானப்பா, போட்டுட்டுப் போயேன்” என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். கொழுந்து பறித்துவிட்டு வந்து துணியைப் பிழிந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போடாதீங்க. அந்த வண்டியில தொரைமாரா ஏறப் போறாங்க? நம்ம பொம்பளைங்கதான ஏறணும்?” என்றாள்.

மூன்றாம் நாள் அடைமழை. பகல் பதினோரு மணிக்கே விளக்குப் போடாமல் ரோடு தெரியாத அளவுக்குப் பனிமஞ்சு. மேல் லயத்திலிருந்து தலைப்பிரசவக்காரி ஒருத்தியை டிஸ்பென்சரிக்குத் தூக்கிவந்தார்கள். இங்கே முடியாது, உடனே மூணாறு கொண்டுபோக வேண்டும் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இந்த வேன எடுக்க மாட்டேன். வழியில நின்னா வயித்துப்பிள்ளைக்காரிய யார் தூக்குவா?” என்றேன்.

அவள் புருஷன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் அவன் கையைத் தட்டிவிடவில்லை. என் பெண்டாட்டியாக இருந்தால் நானும் பிடித்திருப்பேன். சின்ன தொரை எல்லோர் முன்னாலும், “இப்ப எடுக்கலைன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல” என்றார். ஆனாலும் வேனிடம் போகாமல் ஸ்டோருக்கு ஓடினேன்.

அங்கே பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்திலிருந்து அரிசி கொண்டுவந்த லாரி நின்றிருந்தது. பாதி மூட்டைதான் இறங்கியிருந்தது. டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும், முன்பின் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல், “ஏறச் சொல்லுங்க. மூட்டை பொறவு எறக்கிக்கலாமுங்க” என்றார். முன்னால் நர்சம்மாவும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்தார்கள். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அரிசி மூட்டைமேல் நானும் அவள் புருஷனும்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பும்போது லாரிக்காரர், “ஏனுங்க, ஆம்புலன்ஸ் இருக்கறப்ப எதுக்குங்க லாரி?” என்று கேட்டார். ஊசி சாய்ந்ததையும் பெட்டி இரைந்ததையும் சொன்னேன். சிரித்தார்.

“எங்க ஊட்டு டிராக்டருக்கும் இதே கதி ஆச்சுங்க. பேட்டரியோட ரெண்டு முனையையும் எடம் மாத்திப் போட்டிருப்பாங்க. டைனமோவுக்குள்ள இருக்கற இரும்பு பழைய பக்கத்தையே ஞாபகம் வெச்சிருக்கும். ரெண்டும் மோதிக்கிட்டா ஒயரு தாங்குமுங்களா? பேட்டரியச் சரியா மாட்டிப்போட்டு, டைனமோவுக்கு எந்தப் பக்கம்னு ஒருக்காத் தொட்டுக் காட்டோணும். அப்பறந்தான் வண்டியக் கெளப்போணும்.”

மூன்று நாளாக என்னால் சொல்ல முடியாமல் இருந்த விஷயம், இவ்வளவுதான்.

இரண்டு வளைவு தாண்டியதும் ரோட்டோரம் எங்கள் வேன் நின்றிருந்தது. நான் எடுக்க மறுத்த வண்டி மூணாறு வரை ஓடும் என்று காட்டுவதற்காக மேஸ்திரியே எங்கள் பின்னால் எடுத்து வந்திருக்கிறார். பானட் திறந்திருந்தது. கருகிய நாற்றம். புகையை அணைக்கப் போய் அவருடைய உள்ளங்கை கொப்பளித்திருந்தது. மழையில் நனைந்தபடி தனியாக நின்றார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

லாரிக்காரர் தன் கருவிப் பெட்டியிலிருந்து பழைய கேபிள் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “நீங்களே செய்யுங்க. நாளைக்கு வெளியாளு கை வெச்சதாச் சொல்லப்புடாது பாருங்க” என்றார். மேஸ்திரி தார்ப்பாயை எங்கள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். எட்டாத ஒயருக்குக் கேபிளைச் சேர்த்துப் பேட்டரியை முறைப்படி மாட்டினேன். கருகிய ஒயருக்கு வேறு ஒயர் போட்டோம். கருப்புப் பெட்டிக்குள் தீய்ந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு ஒரு ஒயரைப் பேட்டரியில் பிடித்து, மறுமுனையை டைனமோவில் லாரிக்காரர் காட்டிய இடத்தில் ஒரு கணம் தொட்டு எடுத்தேன். ‘சுரீர்’ என்று ஒரு பொறி.

வண்டியைக் கிளப்பினோம். பெட்டி இரையவில்லை. ஊசி எழுந்து, போகவேண்டிய பக்கம் போனது.

மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். “எந்த எடத்துல தொட்டே?”

மறுபடி காட்டினேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் மெமோ வந்தது. உத்தரவை மீறினேனாம். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் முடித்துவிடலாம் என்றார் சின்ன தொரை.

“வண்டி சரியில்லைன்னு சொன்னேன் தொரை. அது சரியில்லாமத்தான் இருந்துச்சு. எதுக்கு மன்னிப்பு?”

விஷயம் மேனேஜர், அதாவது பெரிய தொரை வரை போனது. அங்கே மேஸ்திரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றவர், “தப்பா மாட்டுனது நான்தான் தொரை” என்றார். அவரை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையால்தான் என் வேலை தப்பியது. ஆனாலும் ஆம்புலன்ஸை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, என்னைக் கொழுந்து ஏற்றும் டிராக்டரில் போட்டார்கள். எட்டு மாதம் அதைத்தான் ஓட்டினேன். மன்னிப்பு மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு நான் ரொம்பத் தைரியமாக இருந்ததாக இப்போதும் சிலர் சொல்கிறார்கள். பயந்து செத்தேன் என்பதுதான் நிஜம். தொரைக்குப் பயந்ததைவிட அந்தப் பெண்ணுக்காக அதிகமாகப் பயந்தேன், அவ்வளவுதான். இந்த வயதிலும் ஒரு காரியத்துக்குத் தலையாட்டுவதா மறுப்பதா என்று குழம்பும்போது, எந்தப் பயம் பெரியது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன்.