ஒரு லாவுக்கு இரண்டு கரண்டி

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு கோப்பிக் கடை. அங்கே கழுத்து வளைந்த ஒரு தகரக் கரண்டி இருக்கிறது. கடைக்காரச் சீன அம்மாவை எல்லாரும் ஆசோ என்றுதான் கூப்பிடுவோம். ஆசோ அந்தக் கரண்டியில் சீனியை அள்ளி, கோப்பைக்கு மேலே நிறுத்தி, ஒரு கணம் என் மச்சானின் வாயைப் பார்ப்பார். கரண்டி அந்தரத்தில் நிற்கும். மச்சான் சொல்லப்போகும் கடைசி எழுத்துக்காகத்தான் அது காத்து நின்றது என்பது, இரண்டு வருடம் அதே மேசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. "உங்க முன்னாடி மாடு கன்னு போட்டாலும் நாய் குரைக்குதுன்னு சொல்லுவீங்க" என்பாள் என் மனைவி. மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இருந்ததே இல்லை.

மச்சான் அவளுடைய அண்ணன். செலண்டார் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். மனைவி தவறிய பிறகு செலண்டாரில் தனியாக இருந்தார். துணைக்கு ஒரு பழைய காரும், உடம்பு நிறையச் சர்க்கரையும். நான் ஆயர் குரோவில் வீடு வாங்கியவன். அங்கே கார் ஓட்டத் தெரியாதவன் காலில்லாதவன் மாதிரி. எனக்கு ஓட்டத் தெரியாது. வாலிபத்தில் லைசென்ஸ் சோதனைக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் 'புக்கிட்' என்கிற அந்தச் சின்ன மேட்டில் காரை நிறுத்தி மறுபடி கிளப்பும்போது பின்னால் உருண்டேன். மூன்றாவது தடவை என்னோடு சேர்ந்து சோதனை அதிகாரியின் கையிலிருந்த பேனாவும் உருண்டது. அன்றோடு விட்டுவிட்டேன்.

என் தொழில், மின்சாரச் சாமான்களோடு பெட்டிக்குள் வருகிற சிறு புத்தகத்தை மலாயிலும் தமிழிலும் எழுதுவது. உலகத்தில் யாருமே படிக்காத இலக்கியம். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்பது என் படைப்புகளில் புகழ்பெற்ற வரி. தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன கம்பெனி, பிறகு திரும்பக் கூப்பிட மறந்துவிட்டது. வீட்டில் வேலை ஓடவில்லை. பக்கத்து வீட்டில் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் என்னை. அப்போதுதான் மச்சான் ஒருநாள் வாசலில் காரை நிறுத்தி, "மாப்ள, அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டு ஏறு. கோப்பிக் கடையில உக்காந்து எழுது. எனக்கும் பொழுது போவணும்" என்றார்.

அப்படித்தான் எங்கள் உலாத்தல் தொடங்கியது. முதலில் ஆயர் குரோவிலேயே குளிரூட்டிய ஒரு புதுக் கடைக்குப் போனோம். மேசைகூட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோப்பியின் பெயரை என்னால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பாலின் மேல் இலை மாதிரி வரைந்துகொண்டு வந்து வைத்தார்கள். மச்சான் கண்ணைச் சுருக்கி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத கலக்குறதா, கும்புடுறதா?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து பழைய கடைகள்தான். மச்சானிடம் ஒரு கணக்கு இருந்தது. கோப்பி எப்படி இருக்கிறது என்பதை அவர் மூன்றாவதாகத்தான் பார்ப்பார். முதலில் கக்கூஸ், அடுத்தது தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. "கோப்பி உள்ள போறது பத்து நிமிசம். மத்தது ரெண்டுந்தான் நாள் பூரா" என்பார். இந்தச் சோதனையில் ஜாசின் வட்டாரத்தில் பாதிக் கடைகள் தோற்றன. கடைசியில் மூன்றிலும் தேறியது ஆசோவின் கடை.

அங்கே ஒரு சிக்கல். மேசைக்கு எட்டுகிற பிளக் ஒன்றே ஒன்று. அதில் தரையோரம் இருந்த சாமி மாடத்தின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் நாள் நான் அதைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைச் செருகினேன். ஆசோ அந்தக் காலத்தில் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள்; தமிழ் தண்ணீர் பட்ட பாடு. "ஐயோ தம்பி, சாமி இருட்டுல உக்காந்திருக்கு, நீ கம்ப்யூட்டருக்குச் சோறு ஊட்டுறியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் ரயில் நிலையமே திரும்பிப் பார்த்திருக்கும். மறுநாள் மச்சான் மூன்று ஓட்டை வைத்த ஒயர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். "சாமிக்கு ஒண்ணு, மாப்ளைக்கு ஒண்ணு, விருந்தாளி வந்தா ஒண்ணு. சண்ட போடாதீங்க."

நான் எழுதுவேன். அவர் செருப்பைக் கழற்றி, நாற்காலிக்கு அடியில் ஜோடியாக வைத்துவிட்டு, காலை நீட்டி, ரயிலுக்கு வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா இருப்பதை அவ்வளவு சிரத்தையாகச் செய்த மனிதரை நான் கண்டதில்லை. எனக்கு வீடியோவில் மீட்டிங் வந்தால் மட்டும் எழுந்து நின்று, "டியாம்! டியாம்! மாப்ள மீட்டிங்!" என்று கடை முழுவதையும் அடக்குவார். அவர் அடக்கப் போட்ட சத்தம்தான் கோலாலம்பூரில் என் மேலாளர் காதில் விழும். கம்பெனியில் இன்றைக்கும் என் பெயர் மிஸ்டர் மாப்ள.

தினமும் காலை பத்து மணிக்கு என் மனைவி அண்ணனுக்குப் போன் போடுவாள். "என்னாண்ணே குடிக்கிறீங்க?" மச்சான் போனை ஆசோவின் பக்கம் நீட்டி, சத்தமாகச் சொல்வார்: "ஆசோ, கோப்பி ஓ கோசோங் லா!" கோப்பி ஓ என்றால் பாலில்லாதது, கோசோங் என்றால் காலி, அதாவது சீனி போடாதே. லா என்பது இங்கே எல்லார் பேச்சின் வாலிலும் சும்மா ஒட்டிக்கொள்கிற அசை. பிறகு போன் என்னிடம் வரும். "ஆமா, கோசோங்தான், என் காதால கேட்டேன்" என்று நான் சாட்சி சொல்வேன். நான் குடித்தது கெட்டிப்பால் ஊற்றிய கோப்பி. அவருடைய கோப்பையை ஒருநாளும் தொட்டதில்லை. என் சாட்சியம் உண்மையானது. அதுதான் அதன் வசதி.

காரில் வரும்போது அவருக்கு இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சாலை விளக்கு வந்தால், "பச்சையா மாப்ள?" என்பார். "பச்சைதான் மச்சான், போங்க" என்பேன். ஓட்டத் தெரியாத எனக்கு அதில் ஒரு பெருமை. பாதிக் கார் நான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் என் மனைவிக்கு லீவு. "நீங்க ரெண்டு பேரும் அப்புடி என்னா வேலை செய்யுறீங்கன்னு பாக்குறேன்" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு மச்சான் பச்சையா என்று கேட்கவே இல்லை. ஒரு எண்ணெய் லோரியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். அது நின்றால் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார்.

"முந்திப் போங்களேண்ணே" என்றாள் அவள்.

"லோரிக்காரன் லோரிக்குப் பின்னாடி போறது ஒரு மரியாத, தங்கச்சி."

கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் மச்சான் கக்கூஸ் பக்கம் போனார். என் மனைவி, "எனக்கும் அண்ணன் குடிக்கிறதே சொல்லுங்க" என்றாள். நான் தினமும் கேட்ட பாட்டை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தேன்: "ஆசோ, கோப்பி ஓ கோசோங் லா, ரெண்டு!" ஆசோ என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். என் மனைவி ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது என்னா, பாயசமா? ஆசோ, நாங்க கோசோங்தான கேட்டோம் லா!"

ஆசோ திகைத்துப் போனார். "மறுபடியும் லாவா? இன்னும் ரெண்டு கரண்டி போடவா?"

"என்னா ரெண்டு கரண்டி?"

"லா சொல்லாட்டி சீனி இல்ல. லா சொன்னா ரெண்டு கரண்டி. உங்க அண்ணன் போட்ட ரூல்தானம்மா. போன்ல கேட்டா கோசோங், நாக்குல வெச்சா இனிப்பு."

மச்சான் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி வந்தார். மேசையில் இரண்டு கோப்பை, தங்கச்சி முகம், என் முகம். எல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது அவருக்கு.

"எத்தன நாளாண்ணே?"

"எது, கோப்பியா?"

"லா."

மச்சான் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஏன் மாப்ள, ஒன் வாயில லா இல்லாம ஒரு வார்த்த வராதா?"

அடுத்த நாளே அவளும் அவரும் கிளினிக்குக்குப் போனார்கள். சர்க்கரை எங்கேயோ போயிருந்தது. அங்கிருந்து கண்ணுக்கு அனுப்பினார்கள். விழிக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது, வைத்தியம் பார்த்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் திரும்பி வந்து, சாவியை எடுத்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "டயரு காத்து எறங்கிடும், வாரத்துக்கு ஒருக்கா பாத்துக்க" என்றார். காரைத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை.

என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த லாவை நல்ல லா என்றார்கள். அன்றைக்கு நான் உளறாவிட்டால் அவர் எந்த லோரியில் மோதியிருப்பாரோ, பக்கத்து சீட்டில் இருக்கும் நீயும் அல்லவா போயிருப்பாய் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. 'பச்சையா மாப்ள' என்ற அவர் கேள்வி ஆறு மாதமாக என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அரிசி குக்கருக்குப் பன்னிரண்டு எச்சரிக்கை எழுதத் தெரிந்தவனுக்கு, சாலை விளக்கின் நிறம் தெரியாமல் ஒருவர் ஓட்டுகிறார் என்பது உறைக்கவில்லையா? உறைத்திருக்கும். அது உறைத்தால் கோப்பிக் கடை போய்விடும். வீட்டில் உட்கார்ந்து இடிபட வேண்டும். அதனால்தான் பச்சை, பச்சை என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். அவர் சீனிக்காக ஒரு எழுத்தை ஒளித்தார். நான் சவாரிக்காக ஒரு மனிதரின் கண்ணையே ஒளித்தேன்.

மச்சான் செலண்டாரில் வீட்டோடு கிடந்தார். போனில் பேசினால், "என்னா செய்யுறது, லோரிய நிப்பாட்டியாச்சி" என்பார், அவ்வளவுதான். மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு நாற்பத்து நான்கு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று, கார் பழகப் பெயர் கொடுத்தேன். அங்கிள், அங்கிள் என்று எனக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்தார்கள். யாரோ ஒரு பெண், "பேரப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தீங்களா அங்கிள்?" என்று பணிவாகக் கேட்டது. சோதனையன்று மச்சான் கொட்டகையில் காத்திருந்தார். அந்தத் தூரத்திலிருந்து அவருக்கு என் கார் தெரிந்திருக்காது. புக்கிட்டில் நிறுத்தினேன். கிளப்பினேன். கார் கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே ஏறியது. இறங்கி வந்து அவர் முன்னால் நின்றேன்.

"என்னா மாப்ள, ஏறிட்டியா? ஒன் மூச்சு சத்தத்தப் பாத்தா தள்ளிக்கிட்டு ஏத்துன மாதிரி இருக்கே."

மறுபடியும் ஆசோ கடை. இந்த முறை நான் ஓட்டினேன், முப்பது கிலோமீட்டர் வேகத்தில். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள் எங்களைச் சபித்துக்கொண்டு போயின. விளக்கு வந்தால் மச்சான் பழக்கத்தில், "பச்சையா மாப்ள?" என்பார். "செவப்பு மச்சான்" என்று சொல்லி நிறுத்துவேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. கடையில் அவர், "கோப்பி ஓ கோசோங்" என்று சொல்லி வாயை இறுக்கமாக மூடிக்கொள்வார். அந்தக் கசப்பைக் குடித்துவிட்டு அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து நானும் கெட்டிப்பாலை விட்டேன். அவருடைய பிறந்த நாளன்று மட்டும், "ஆசோ, இன்னிக்கு அரை லா" என்றார். ஆசோ என்னைப் பார்த்தார். நான் ரயிலைப் பார்த்தேன். இது என் மனைவிக்கு இன்று வரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும். பிறகு எனக்கு ஒரு கோப்பிக் கடை நிரந்தரமாகவே தேவைப்படும்.

மச்சான் இப்போது இல்லை. போன வருடம் ஒரு காலையில், செலண்டார் வீட்டு நாற்காலியில், செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் வேறு கடைகளில் உட்கார்ந்து பார்த்தேன். கோப்பி நன்றாக இருந்தது, மின்விசிறியும் சுற்றியது. எழுத்து வரவில்லை. மீட்டிங்கில் யாரும் எழுந்து நின்று கடையை அடக்காததால், கோலாலம்பூரில் என் குரல் தெளிவாகக் கேட்டது. அது யாருக்கும் பிடித்த மாதிரி தெரியவில்லை.

போன வாரம் புலாவ் செபாங்குக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். அதே மேசை. மூன்று ஓட்டை ஒயர் அங்கேயேதான் கிடந்தது. ஒன்றில் சாமி விளக்கு எரிந்தது. இன்னொன்றில் நான் செருகினேன். ஆசோ கோப்பையோடு வந்தார். எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

"கோப்பி ஓ கோசோங்" என்றேன்.

கழுத்து வளைந்த கரண்டி சீனியோடு எழுந்து, கோப்பைக்கு மேலே வந்து நின்றது. ஆசோ எதிரே இருந்த காலி நாற்காலியை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லா?"

"வேணாம் லா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று எனக்கே தெரிந்தது. ஆசோ சிரிக்கவில்லை. ரூல் ரூல்தான். கரண்டி இரண்டு தடவை கோப்பைக்குள் இறங்கி ஏறியது.