வியாழக்கிழமை கோயிலுக்கு வந்தவர்

நான் செத்துப்போனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியாது. இந்த ஒரே நினைப்போடு ஒரு மழைக்கால வாரத்தில் நான் காய்ச்சலில் கிடந்தேன். அந்த வாரத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், என்னோடு விசுவாசிக்கிற சகோதர சகோதரிகளே.

என் பெயர் எஸ்தர். இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்தாள். மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தேன். கல்யாணமான இரண்டாம் வருடமே என் கணவரைக் காசநோய் கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு பிரஸ்பிட்டேரியன் சபையில் வேதாகம ஊழியக்காரியாகச் சேர்ந்தேன். தோட்டத்துச் சனங்கள் என்னை ‘பைபிளம்மா’ என்று கூப்பிடுவார்கள்.

எங்கள் கோயில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. டவுனுக்கு மேலே மேட்டில் இருக்கிற சின்னக் கருங்கல் கோயில். நாடு சுதந்திரமாகிச் சில வருடங்களில் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். அவர்களுடைய போதகரும் போய்விட்டார். பிறகு தமிழ் ஆராதனை மட்டும்தான். எங்கள் தமிழ்ப் போதகர் ஐயா நுவரெலியாவில் இருந்தார். பல சபைகளை அவர் ஒருவரே பார்த்ததால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் கோயிலுக்கென்று இருந்தது இரண்டே பேர். கோயிலைக் கூட்டி மணியடிக்கிற ஞானமுத்து அண்ணன் பின்பக்கத்து வீட்டில் மனைவியோடு இருந்தார். கோயிலை ஒட்டிய அறையில் நான்.

பகலெல்லாம் லயம் லயமாகப் போவேன். பொம்பளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன், நோயாளிகளுக்காக ஜெபிப்பேன். எங்கே போனாலும், “எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கம்மா” என்பார்கள். பண்ணுவேன். “உங்களுக்கு என்னம்மா குறை?” என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஊழியக்காரிக்குக் குறையே இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் குடும்பம் குடும்பமாக மேட்டிலிருந்து இறங்கிப் போவார்கள். வாசலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு ஜன்னல்களைச் சாத்திவிட்டு அறைக்குள் போய் அடுப்பு மூட்டுவேன். ஒரு ஆளுக்குச் சமைக்கிற சோற்றுக்கு ருசி கிடையாது.

சபையின் மூப்பர் செல்லத்துரை மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், டவுன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். மனைவியை இழந்தவர். எப்போதும் வெள்ளைக் கோட்டு, கையில் குடை. அதிகம் பேசமாட்டார். நான் வேதபாடம் வாசிக்க எழுந்தால் தலையைக் குனிந்துகொள்வார். லயத்துப் பொம்பளை வாசிக்கிறது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானும் அவரிடம் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை.

அது ஆனி மாதம். மழை விடாமல் பெய்தது. பூண்டுலோயாவில் மகளுக்குப் பிரசவம் என்று ஞானமுத்து அண்ணனும் மனைவியும் புறப்பட்டார்கள்.

“தங்கச்சி, சனிக்கிழமைக்குள்ள வந்துருவோம். நீங்களும் தோட்டத்துக்குத்தானே போறீங்க?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே. திங்கக்கிழமை போறேன். வாரம் பூரா அங்கதான்” என்றேன்.

திங்கட்கிழமை காலையில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சில நாட்களாகவே உடம்பு காய்ந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்ததுதானே என்று விட்டிருந்தேன். இப்போது தலை தூக்கினால் சுவர் சுற்றியது. தோட்டத்தில் மழைக்குப் பயந்து நான் வரவில்லை என்று நினைத்திருப்பார்கள். டவுனிலோ நான் தோட்டத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் என்னைத் தேட ஒருவரும் இல்லை. மேட்டிலிருந்து கூப்பிட்டால் ரோட்டுக்குக் கேட்காது. கூரைத் தகரத்தில் மழை அப்படி அடித்தது.

புதன்கிழமை குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வெளியே உலகத்துத் தண்ணீரெல்லாம் கொட்டுகிறது, என் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவுவரைக்கும் தவழ்ந்து பார்த்தேன். பாதியிலேயே கண் இருட்டிவிட்டது. எப்படியோ பாய்க்குத் திரும்பினேன்.

எத்தனையோ பேருடைய பாயருகில் உட்கார்ந்து ஜெபித்தவள் நான். எனக்காக ஜெபிக்க வாயில் வார்த்தை வரவில்லை. கோபம்தான் வந்தது. “ஆண்டவரே, உம்முடைய வீட்டுச் சுவரில்தானே சாய்ந்து கிடக்கிறேன். சுகம்கூட வேண்டாம். நான் இங்கே கிடக்கிறேன் என்று ஒரே ஒருத்தருக்குத் தெரியப்படுத்தும். தனியாகச் சாக எனக்குப் பயமாக இருக்கிறது.” அவ்வளவுதான் என் ஜெபம். அழக்கூட உடம்பில் ஈரம் இல்லை.

மறுநாள், வியாழக்கிழமை, மத்தியானம் கழிந்திருக்கும். பூட்டியிருந்த கோயிலுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. காய்ச்சலில் கேட்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். என் அறைக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அதன் பக்கமாகக் காதைத் திருப்பினேன். ஒரு ஆம்பிளை அழுதுகொண்டிருந்தார்.

“ஆண்டவரே, பிள்ளையளும் தூரத்தில. அவளையும் எடுத்துப்போட்டீர். ஒருத்தருக்கும் நான் தேவையில்லாமப் போனன். என்னத்துக்கு என்னை வைச்சிருக்கிறீர்?”

செல்லத்துரை மாஸ்டரின் குரல்! மூப்பர் என்பதால் அவரிடமும் ஒரு சாவி இருந்தது. கூப்பிடப் பார்த்தேன். தொண்டையில் காற்றுத்தான் வந்தது. பாயருகில் காலிச் செம்பு இருந்தது. கையை நீட்டி அதைத் தள்ளினேன். அது சிமெண்டுத் தரையில் உருண்டு கதவில் போய் மோதியது.

அழுகை நின்றது. “ஆர் அங்க?” என்றார். கதவு திறந்தது.

என்னைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டார். “ஐயோ எஸ்தர்! எப்ப தொடக்கம் இப்பிடிக் கிடக்கிறீர்? ஒருத்தரும் வந்து பாக்கேல்லையோ?”

மழையில் செம்பைப் பிடித்துத் தண்ணீர் கொண்டுவந்தார். என் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். ஒரு தகப்பன் மாதிரி. “பயப்பிடாதேயும். நான் வந்திட்டன்” என்று சொல்லிவிட்டுக் குடையும் இல்லாமல் மேட்டிலிருந்து ஓடினார். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

கீழே கடை வைத்திருந்த காதர் நானாவோடு திரும்பி வந்தார். நானா வாசலிலேயே தலையில் கை வைத்துவிட்டார். “யா அல்லாஹ், நம்ம பைபிளம்மாவா? நம்ம லொறியிலயே கொண்டு போயிருவோம் மாஸ்டர்.” அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு, சாக்கு விரித்து, என்னை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மாஸ்டர் என் தலைமாட்டில் தார்ப்பாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

டைபாய்டு என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

காய்ச்சல் இறங்கப் பல நாட்களாயின. போதகர் ஐயா தினமும் வந்து பார்த்தார். மாஸ்டர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். கட்டிலருகில் உட்கார்ந்திருப்பார். ஒரு சனிக்கிழமை மெதுவாகக் கேட்டார்.

“அண்டைக்கு நான் கோயிலுக்குள்ள கதைச்சது உமக்குக் கேட்டதோ?”

“கேட்டுச்சுங்க ஐயா.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “மனுசி போனதிலயிருந்து வியாழக்கிழமையளில, நீர் தோட்டத்தில நிக்கிற நேரம் வாறனான். ஒருத்தருக்கும் தெரியாது. நீர் வேதபாடம் வாசிக்கேக்க அவள் வாசிக்கிற மாதிரியே இருக்கும். நிமிந்து பாக்க ஏலாது.”

அவரே மறுபடியும் கேட்டார். “நீர் எல்லாருக்கும் ஜெபிக்கிறீர். உமக்கு நான் என்னத்துக்காக ஜெபிக்கவேணும், சொல்லும்.”

சகோதரிகளே, என் வாழ்நாளில் என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டு தேம்பினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா எழுந்து வந்து என் காலைத் தடவிவிட்டாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு எனக்காக ஜெபித்தார். நீளமான ஜெபம் இல்லை. என் பெயரைச் சொன்னார். “இவளைத் தனிய விடாதேயும்” என்றார்.

நான் திரும்பிப் போனபோது ஞானமுத்து அண்ணன் வாசலில் நின்று அழுதார். “நான் போயிருக்கப்படாது தங்கச்சி.” அவர்மேல் என்ன தப்பு? பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷத்தைக் கூட அந்த மனுசன் முழுதாக அனுபவிக்கவில்லை. அன்றைக்கு அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அடுத்த வியாழக்கிழமை, அண்ணன், அவர் மனைவி, மாஸ்டர், நான், நாலு பேரும் கோயிலில் கூடினோம். ஊருக்காக ஜெபிக்குமுன் எங்களுக்காக ஜெபித்தோம். அந்தக் கூட்டம் வருடக்கணக்காக நடந்தது. மாஸ்டர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போகிறவரைக்கும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

என் தனிமை முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். மழை பிடித்துக்கொண்ட சில மாலைகளில் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஆண்டவருக்கு என் இருப்பிடம் தெரியும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. ஒரே செம்பின் சத்தத்தில் இரண்டு பேருடைய ஜெபத்துக்கும் பதில் கொடுத்தவர் அவர். ஒருத்தி, யாராவது வரமாட்டார்களா என்றாள். ஒருவர், நான் யாருக்காவது தேவைப்படமாட்டேனா என்றார். நடுவில் இருந்தது ஒரு கதவுதான்.

இதை வாசிக்கிற நீங்கள் அப்படித் தனியாகக் கிடக்கிறவரானால், கோபத்தோடாவது அவரிடம் சொல்லுங்கள். நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்கவேண்டாம். சுகமாக இருக்கிறவரானால், உங்கள் சபையின் போதகரை, மணியடிக்கிறவரை, ஊழியக்காரியை ஒருநாள் நிறுத்தி, “உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?” என்று கேளுங்கள். அவர்கள் உடனே பதில் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள்.