இன்பமலர் கொஸ்பெல் பாடப் போன கதை

ஓல்போர்க் நகரத்துக் காலைப் பஸ்சில் இன்பமலருக்கு ஒரு தொல்லை இருந்தது. அவள் ஏறி இரண்டு தரிப்புத் தள்ளி, தலைமயிரை ஒட்ட வெட்டிய நெட்டையான ஆபிரிக்கப் பெண் ஒருத்தி ஏறுவாள். அவளைக் கண்டதும் இன்பமலர் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். பின்னால் இடமில்லாவிட்டால் கம்பியைப் பிடித்தபடி நின்றே ஆஸ்பத்திரி வரை போவாள். அந்தப் பெண்ணில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பேரும் கிட்ட இருந்தால், பஸ்சில் இருக்கிற டேனிஷ்காரர் இருவரையும் ஒரே ஊர் என்று நினைத்துவிடுவார்கள். அதுதான் பயம்.

பயம் சும்மா வந்ததல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நான்கு பெண்பிள்ளைகள் இருந்த வீட்டில் இன்பமலர் மட்டும்தான் நல்ல கறுப்பு. வீட்டில் அவளைக் "கறுவல்" என்றே கூப்பிடுவார்கள். அங்கே அது செல்லப்பெயர், அவளும் "ஓம்" என்று ஓடிப்போவாள். டென்மார்க்குக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல் சுடத் தொடங்கியது. இங்கே தமிழாட்கள் ஆபிரிக்கரைச் சொல்வதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். "அந்தப் பிளாட் முழுக்கக் கறுவல்" என்று தேவாலயச் சபையில் யாராவது சொன்னால், அவளுக்குக் கழுத்து வரை சூடேறும். ஆனாலும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டுவாள். ஆட்டாமல் இருந்தால் எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றும்.

கல்யாணத்துக்குப் பிறகு கணவன் றொபேர்ட்டின் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, பொட்டையும் தோட்டையும் கழற்றியிருந்தாள். மனதோடு செய்த காரியம், அதில் கவலை இல்லை. ஆனால் பொட்டுப் போனதோடு, தான் தமிழ் என்பதற்கு நெற்றியில் இருந்த அத்தாட்சியும் போய்விட்டது. தலைமயிர் வேறு சுருட்டை. மரக்கறிக் கடையில் சோமாலியப் பெண்கள் அவளோடு தங்கள் மொழியிலேயே கதைக்கத் தொடங்குவார்கள். கானா நாட்டுப் போதகர் ஒருவர் ரயில் நிலையத்தில் "என் சகோதரியே" என்று கட்டிப்பிடித்துவிட்டார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் றொபேர்ட், "இண்டைக்கு எந்த நாட்டுக்காரி?" என்று கேட்பான்.

"எரித்திரியா" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றுவாள்.

பதினேழு வயது மகள் கிருபாஷினி போனில் இருந்து தலையைத் தூக்காமல், "அதனால் என்ன, அம்மா" என்று டேனிஷில் கேட்பாள். இன்பமலர் மற்றச் சப்பாத்தைக் கழற்றுவாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளோடு சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவள் பிர்கிட். சிவந்த கன்னமும் பெரிய சிரிப்பும் உள்ள அவள் ஒரு கொஸ்பெல் பாடற்குழுவில் இருந்தாள். கறுப்பு அமெரிக்கரின் தேவாலயங்களில் கைதட்டி ஆடிப் பாடுகிற பாட்டுகள் அவை. டேனிஷ்காரருக்கு அதில் அப்படி ஒரு பைத்தியம்.

"சனிக்கிழமை இங்கிலாந்தில் இருந்து ஒருவர் பழக்க வருகிறார். ஞாயிறு கச்சேரி" என்றாள் பிர்கிட். "எங்கள் குழுவில் எல்லோரும் பால்சோறு மாதிரி வெள்ளை. நீ வா. உனக்கு அது இரத்தத்திலேயே இருக்கும்."

"நான் ஆபிரிக்கா இல்லை, பிர்கிட்."

"தெரியும். ஆனாலும் வா."

வேறு நேரமென்றால் போயிருக்கமாட்டாள். ஆனால் அந்தக் கிழமை அவளுக்குச் சபையில் மனம் நொந்திருந்தது. ஞாயிறு ஆராதனையை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். கமெராவைப் பார்க்கிற ஜெசிந்தன், "அக்கா, வெளிச்சம் காணாமல் கிடக்கு, கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ" என்று அவளை நகர்த்திவிட்டிருந்தான். முன்னுக்கு நின்று பாடுகிற, வெளுத்த நிறமுள்ள அஜந்தினிக்கு மட்டும் வெளிச்சம் காணும். பாட்டென்றால் இன்பமலருக்கு உயிர். பின்னுக்கு நின்று பாடுவதில் களைத்துப் போயிருந்தாள்.

சனிக்கிழமை தேவாலய மண்டபத்துக்குள் போனால், கறுப்பு உடுப்புப் போட்ட வெள்ளை மனிதர்கள் நிறைந்து போய் நின்றார்கள். ஒருபக்கம் கோப்பியும் வட்டப் பாணும் வெண்ணெயும். அவற்றுக்குப் பக்கத்தில், கையில் கோப்பையோடு, அந்தப் பஸ் பெண்.

இன்பமலர் சத்தமில்லாமல் யன்னல் பக்கம் நழுவினாள். திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண்ணும் கோப்பையை வைத்துவிட்டு எதிர்ச்சுவர் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் உள்ளே வந்தார். பெயர் டெல்றோய். பேர்மிங்காமில் பிறந்தவர், தாய் தகப்பன் யமைக்கா. கூட்டத்தை ஒருதரம் கண்ணால் அளந்தார். முகம் மலர்ந்தது. நேராகப் போய் இன்பமலரின் கையைப் பிடித்தார், மற்றக் கையால் அந்தப் பெண்ணைப் பிடித்தார், இருவரையும் முன்வரிசை நடுவில் தோளோடு தோள் நிறுத்திவிட்டு, "இனி எனக்குக் கவலை இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மண்டபம் முழுக்க மகிழ்ச்சியாகக் கைதட்டியது.

முதல் பாட்டுக்குக் கைதட்டப் பழக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் தட்டவேண்டும். பக்கத்தில் நின்ற நெட்டைப் பெண் ஒன்றில் தட்டினாள். பிறகு மூன்றில் தட்டினாள். பதறிப்போய் இரண்டரையில் ஒன்று தட்டினாள். டெல்றோய் நிறுத்திவிட்டு, "என்னைப் பார், சகோதரி" என்று மெதுவாகச் சொல்லித் திரும்பத் தொடங்கினார். இந்தமுறை அவள் நான்கையும் விட்டுவிட்டு, எல்லோரும் அமைதியான பிறகு தனியாக ஒன்று தட்டினாள்.

இன்பமலருக்கு அடிவயிற்றில் இருந்து சிரிப்பு வந்தது. வாயைக் கடித்தாள், தோள் குலுங்கியது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் நிற்க முடியாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள், இதுவும் கொஸ்பெல் முறையாக்கும் என்று நினைத்து ஆமென் சொன்னார்கள்.

இடைவேளையில் இருவரும் கோப்பியோடு படியில் இருந்தார்கள். "ஆபிரிக்காவில் எந்த நாடு?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நான் இலங்கை" என்றாள் இன்பமலர். "நீங்கள்?"

"மோர்ஸ் தீவு. அப்பா பன்றி வளர்க்கிறவர்."

மெட்டே என்பது அவள் பெயர். எத்தியோப்பியாவில் பிறந்து, கைக்குழந்தையாகவே டென்மார்க்கின் அந்தத் தீவுக்குத் தத்து வந்தவள். பன்றிக் கொட்டிலும் உருளைக்கிழங்கும் சனிக்கிழமைக் கைப்பந்துமாக வளர்ந்திருந்தாள். கைப்பந்தில் கெட்டிக்காரி, பாட்டு வராது. கூட வேலை செய்கிறவர்கள், உனக்கு வராமல் யாருக்கு வரும் என்று தள்ளிவிட்டிருந்தார்கள்.

"பஸ்சில் உங்களைக் காண்கிறேன்" என்றாள் மெட்டே. பிறகு கோப்பிக்குள் பார்த்தபடி, "சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் இருக்கிற பக்கம் நான் வருவதில்லை" என்றாள். "உங்களை சோமாலியா என்று நினைத்தேன். கிட்ட வந்தால் எங்களைச் சேர்த்துப் பார்ப்பார்களே என்று."

இன்பமலர் வாயில் வைத்த பாணை வெளியே எடுத்தாள். "நானும்தான் எழும்பிப் பின்னுக்குப் போறன்" என்றாள்.

"என்னைக் கண்டா?"

"உங்களைக் கண்டுதான். நீங்கள் முன்னுக்கு வந்தால் நான் பின்னுக்கு."

"நான் முன்னுக்கு வருவதே நீங்கள் பின்னுக்குப் போகிறதால்தான்."

இருவருக்கும் மறுபடியும் சிரிப்பு வெடித்தது. மெட்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றையும் சொன்னாள். பஸ்சில் போனைக் காதில் வைத்து, சுத்தமான மோர்ஸ் தீவுப் பேச்சில் பன்றி விலையைப் பற்றிச் சத்தமாகக் கதைப்பாளாம். மறுமுனையில் ஆளே இருக்காதாம். தான் டேனிஷ்காரி என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்பதற்காக.

"நானும் சத்தமாத் தமிழில கதைக்கிறனான்" என்றாள் இன்பமலர். "ஆபிரிக்கா இல்லை எண்டு விளங்கட்டும் எண்டு."

"அதைக் கேட்டிருக்கிறேன். சுவாஹிலி என்று நினைத்தேன்."

இன்பமலர் படியில் சாய்ந்துவிட்டாள். பஸ்சில் யாருக்குத்தான் தமிழைத் தமிழ் என்று தெரியும். இத்தனை வருசமும் யாருக்காகக் கத்தினோம் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

அடங்கிய பிறகு, வீட்டில் தன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று இன்பமலர் சொன்னாள். தமிழல்லாத ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மெட்டே கேட்டுவிட்டு, "என்னைச் சொக்கிளேட் மெட்டே என்பார்கள்" என்றாள். "ஒரு நாளும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை."

டெல்றோய் வந்து, இரண்டு பேரும் எந்த ஆபிரிக்கத் திருச்சபை என்று கேட்டார். ஒருத்தி பன்றிப் பண்ணை என்றும் மற்றவள் யாழ்ப்பாணம் என்றும் சொன்னார்கள். அவர் படியில் தொப்பென்று இருந்தார்.

"மூன்று நாளாக இந்த ஊரில் என்னைத் தவிர ஒரு கறுத்த ஆளையும் காணவில்லை" என்றார். "உங்களைக் கண்டதும் என் ஆட்கள் என்று நிம்மதியாக இருந்தேன்." பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். "என் அம்மாவும் இப்படித்தான். நாங்கள் யமைக்கா, ஆபிரிக்கா இல்லை என்று தபால்காரனுக்கும் சொல்வா. அவனோ கடிதம் கொடுக்க மட்டும்தான் வந்திருப்பான்." சிரித்து முடித்துவிட்டு, "சரி, உங்களில் யாருக்காவது பாட வருமா?" என்று கேட்டார்.

இன்பமலர் ஒரு வரி பாடிக்காட்டினாள். இத்தனை வருசம் பின்வரிசையில் கிடந்த குரல். சபைக் கீர்த்தனையின் நெளிவும் குழைவும் ஆங்கில வரிக்குள் போய், எங்கோ சுற்றி வளைந்து சரியான இடத்தில் வந்து இறங்கின. டெல்றோய் எழுந்து நின்றார். தனிப்பாட்டு அவளுக்கு என்றார்.

ஞாயிறு கச்சேரிக்கு றொபேர்ட்டும் கிருபாஷினியும் வந்தார்கள். செய்தி பரவி அஜந்தினியும் வந்திருந்தாள். மேடையில் நல்ல மஞ்சள் வெளிச்சம். இன்பமலர் கண்ணை மூடித் தொடங்கினாள். இரண்டாவது அடிக்குள் கண்ணைத் திறந்துவிட்டாள், மூட மனம் வரவில்லை. முன்னால் இருக்கிற அத்தனை முகமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அது நன்றாக இருந்தது.

கைதட்டும் இடம் வந்தது. டெல்றோய் கெஞ்சிக் கேட்டிருந்தும் மெட்டே ஒன்றில்தான் தட்டினாள். கேட்க வந்தவர்களுக்கோ கறுப்புப் பெண் தட்டுவதுதான் அசல் என்ற எண்ணம். மண்டபம் முழுக்க எழுந்து நின்று, மெட்டேயைப் பார்த்துப் பார்த்து, ஒன்றிலும் மூன்றிலும் பக்தியோடு தட்டியது. பாடற்குழு இரண்டிலும் நான்கிலும் தட்டிப் பார்த்துத் தோற்றுப்போனது. டெல்றோய் கையை மேலே தூக்கிச் சரணடைந்துவிட்டு, தானும் ஒன்றில் தட்டினார். இன்பமலருக்குச் சிரிப்பு முட்டியது, அந்தச் சிரிப்போடேயே கடைசி உச்சத்துக்குப் போனாள். பிர்கிட் பின்வரிசையில் நின்று அழுதாள்.

முடிந்த பிறகு அஜந்தினி ஓடி வந்தாள். "அக்கா, நீங்கள் இப்பிடிப் பாடுவியள் எண்டு எனக்குத் தெரியாது" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட பக்கத்தில நிண்ட கறுவல் ஆர்?" என்று கேட்டாள்.

"அவவின்ர பேர் மெட்டே" என்றாள் இன்பமலர். "கறுவல் நான்தான்."

றொபேர்ட் இருமினான். அஜந்தினியின் முகம் சிவந்துபோனது. கிருபாஷினி தாயின் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அதை இன்னொருக்காச் சொல்லு" என்றாள். அதிசயமாக, தமிழில்.

அடுத்த கோடையில் மெட்டே அவர்களைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். மோர்ஸ் தீவில் பார்லி வயலும் காற்றும் பன்றி மணமும். தகப்பன் கிறெஸ்டன் அதிகம் கதைக்காத மனிதர், றொபேர்ட்டுக்குக் கொட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து மேசையில் கோப்பி வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பண்ணை எல்ஸே கிறீம் கேக்கோடு வேலி வாசலால் வந்தாள். எழுபது தாண்டிய மனுசி. இன்பமலரைக் கண்டதும் நின்றுவிட்டாள். மெட்டேயைப் பார்த்தாள், திரும்ப இன்பமலரைப் பார்த்தாள். கேக்கைப் புல்லில் வைத்துவிட்டு வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கடைசியில் வந்துவிட்டீர்கள்" என்றாள் அழுகைக்குள். "எத்தனை தரம் உங்களை நினைத்திருப்பேன். பிள்ளையை நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம்."

மெட்டேயைப் பெற்ற தாய் எத்தியோப்பியாவில் இருந்து வந்துவிட்டாள் என்று எல்ஸே நினைத்துவிட்டாள். நான் ஆபிரிக்கா இல்லை என்கிற டேனிஷ் வசனம் இன்பமலரிடம் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அது நாக்குவரை வந்தது, வெளியே வரவில்லை. எல்ஸேயின் முதுகைத் தடவிக் கொடுத்து, "தெரியும், நல்லாத்தான் பார்த்திருக்கிறியள்" என்றாள் டேனிஷில்.

எல்ஸேயின் தோளுக்கு மேலால் மெட்டே தெரிந்தாள். முதலில் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணால் நீர் ஓடியது, அதோடு சிரிப்பும் தொடங்கியது.

கொட்டில் வாசலில் இருந்து கிறெஸ்டன், "எல்ஸே, அவர் இலங்கை. மெட்டேயின் சிநேகிதி" என்றார்.

எல்ஸே விலகி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். ஆனால் பிடித்த கையை விடவில்லை. கிருபாஷினி பக்கம் திரும்பி, "அப்படியென்றால் நீ தங்கச்சியும் இல்லையா?" என்று கேட்டாள்.

கிருபாஷினி புல்லில் இருந்த கேக்கைப் பார்த்தாள். "இருக்கலாம்" என்றாள். "கத்தியை எடுத்துவரவா?"