நன்றி சொன்ன பிறகு தின்ற மாத்திரை

என் மனைவி பிலோமினா இருந்தாள். அவள் அண்ணன் சூசை இருந்தான். துறைமுகத்தில் எங்கள் கேங் மேஸ்திரி நாகப்பன் இருந்தார். இலை போடுகிற சத்தம் கேட்டு அண்டை வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காசம் குணமானதற்கு நடந்த விருந்து அது. எனக்குக் குணமாகியிருக்கவில்லை.

மூட்டை தூக்குகிறவன் நான். அமெரிக்கக் கோதுமை இறக்கிய சமயத்தில் இருமலோடு ரத்தம் வந்தது. கிளினிக்கில் எக்ஸ்ரே (நெஞ்சுக்குள் எடுக்கும் படம்) எடுத்தார்கள். இடது நுரையீரலில் குழிவு (கிருமி அரித்த பள்ளம்) என்றார்கள். அன்று என் எடை நாற்பத்தொரு கிலோ. தினம் ஊசி, கை நிறைய மாத்திரை. மாத்திரை வயிற்றைப் புரட்டும். ஊசி போட்டால் காது இரையும், நடக்கையில் தரை சாயும்.

நாலாம் மாதம் இருமல் நின்றது. ஜுரம் போனது. அங்கேதான் சனியன் பிடித்தது.

டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். "இருமல் நின்னா நோய் போச்சுன்னு அர்த்தம் இல்லை. கிருமி பதுங்கியிருக்கும். ஒரு வருஷம் முழுசா சாப்பிடணும். இந்த நடுவுலதான் எல்லாரும் விட்டுடறாங்க. விட்டா அடுத்த தடவை இதே மருந்து கேக்காது."

என் வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. பிலோமினா மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். இருமல் நின்ற வாரமே வெள்ளித் தகட்டில் நெஞ்சு உருவம் செய்து கோயிலில் வைத்துவிட்டாள். பிறகு விருந்து. நன்றி சொல்லிவிட்டால் நோய் முடிந்தது என்பது எங்கள் ஜனங்களின் கணக்கு. அதற்கப்புறம் மருந்து தின்றால் மாதாவை நம்பவில்லை என்று ஆகும்.

சாப்பாடு முடிந்ததும் மாத்திரை டப்பாவை எடுத்தேன். சூசை கையைப் பிடித்தான்.

"இன்னா மச்சான், மாதாவுக்கு நன்றி சொல்லிட்டு இன்னும் துன்னுகினு கீற? அவங்களுக்கு மருவாதியா இது?"

"மாதா வந்து கேக்கட்டும். நீ கைய எடு."

நாகப்பன் பல் குத்திக்கொண்டே சொன்னார். "ஆளு கல்லாட்டம் கீறான். ஒண்ணாந் தேதி மூட்டைக்கு வந்துடு நைனா. வராங்காட்டி உன் எடத்துல வேற ஆளு."

நான் ரத்தம் கக்கியபோது இவர்கள் தெருமுனையோடு திரும்பிப் போனவர்கள். அப்போது என் வீட்டுத் தண்ணீரைத் தொடாத சூசை, அன்று மூன்று தடவை சோறு கேட்டு வாங்கினான். செத்தால் அழ வருவார்கள். பிழைத்தால் சாப்பிட வருவார்கள். நடுவில் கிடப்பவனிடம் இவர்களுக்கு வேலை இல்லை. அதனால் அவசரமாகப் பிழைக்க வைத்துவிடுகிறார்கள்.

மறுநாள் டப்பாவைக் காணோம். பிலோமினா அதை வீட்டு மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துப் பூ போட்டிருந்தாள். காணிக்கையாம். காணிக்கையில் நான் கை வைக்க மாட்டேன் என்று அவளுக்கு நினைப்பு. பூவைத் தள்ளிவிட்டு எடுத்துத் தின்றேன்.

"நோவு திரும்பி வந்தா அது உன்னாலதான்யா" என்றாள்.

தினமும் அங்கேயிருந்தே எடுத்தேன். அவளும் தினமும் பூ வைத்தாள்.

உங்களுக்கும் இந்த நோய் இருந்தால் ஒன்று சொல்கிறேன். தேறிவருகிற காலம் பார்க்க நன்றாக இருக்காது. பசிக்கும், தின்றது வெளியே வரும். ஒரு நாள் மாடி ஏறுவோம், மறுநாள் குடம் தூக்க வராது. பார்க்கிறவனுக்கு நீங்கள் சோம்பேறி. எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை. சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒண்ணாந் தேதி துறைமுகம் போனேன். இடம் போய்விடும் என்ற பயம்தான். இரண்டு பேர் கோதுமை மூட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். முதுகைக் கொடுக்கக் குனிந்தேன். நெஞ்சில் இடது பக்கம் இழுத்தது.

இத்தனை வருஷம் உடம்பு என்றால் மூட்டைக்குக் கீழே இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். மூட்டை வேறு, நான் வேறு என்று அன்றுதான் பட்டது. முன்பு நாள் என்றால் ஒரு கப்பல் வந்து போவது. இப்போது ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் இருப்பது.

நிமிர்ந்துவிட்டேன்.

"தூக்க மாட்டேன். மருந்து முடியட்டும்."

"அப்ப எடம் போச்சு" என்றார் நாகப்பன்.

"போவட்டும்."

கேங்கில் ஒருத்தன் கத்தினான். "மாமு, நீ அர மூட்ட கூட தேற மாட்ட. உன்னைய யாரு மூட்ட தூக்கக் கூப்ட்டது?"

எல்லாரும் சிரித்தார்கள். நூறு கிலோ மூட்டை நிறுக்கும் தராசு பக்கத்தில் இருந்தது. கிளினிக்கில் நாற்பத்தொன்று காட்டிய உடம்போடு ஏறி நின்றேன். அவனையே பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

நாற்பத்தாறு கிலோ.