அட்டைப் பாட்டுக்கு வந்த தடை

ஒரு பாட்டுக்காக என் பேரை வெட்டப் பார்த்தார்கள். எஸ்டேட்டில் பேரை வெட்டினால் வேலை போச்சு என்று அர்த்தம். சொல்கிறேன், கேளுங்கள்.

1. தடை

எழுபதுகளில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் நான் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். நிரையில், அதாவது செடி வரிசையில், நின்றால் பாட்டு தானாக வரும். மேலே இருப்பவர்களைக் கிண்டல் செய்துதான் கட்டுவோம். அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்களில் மூத்தவர் ரோசலி மதினி. "செய்யுற வேலையப் பாடு. ஒருத்தர் வீட்டையும் உடம்பையும் பாடாத" என்பார். எடைபோடுகிறவரின் நொண்டிக் காலை ஒருத்தி பாட்டில் இழுத்தபோது, மதினி அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

புதிதாக வந்த ஃபீல்டு ஆபீசர் கொழிஞ்சாம்பாறைக்காரர். வயல்காட்டில் வளர்ந்த மனிதர், ரத்தம் உறிஞ்சும் அட்டை என்றால் நடுக்கம். கால் முழுக்கத் துணி சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். "துணி அவரு சுத்துனதுதான, பாடலாம்" என்று மதினியும் சொல்லிவிட்டார். நான் சும்மா இருப்பேனா?

"அட்டைக்குப் பயந்த ஐயா
ஆறு முழம் சுத்திக்கிட்டார்;
கட்டுக்குள்ள அட்டை கேக்கு,
காலு வலிக்கா ராசா?"

அவர் பின்னால்தான் நின்றிருந்தார்.

"ஆருங்க பாடுனது?"

"நாந்தான் ஐயா."

"இனிமே தோட்டத்துல பாட்டுச் சத்தமே கேக்கக்கூடாதுங்க. மறுக்காப் பாடுனீங்கன்னா பேரை வெட்டிப்போடுவேனுங்க."

அதுவரை எங்களை வாங்க போங்க போட்டுத் திட்டியவர் யாருமில்லை. நிரை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அப்பா வேலையை விட்டு நின்றுவிட்டார். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு என் பேரில் இருந்தது. பேர் போனால் வீடும் போகும். வாயை மூடிக்கொண்டேன்.

2. மூடுபனி

சில நாள் கழித்துப் பகலிலேயே பனி இறங்கியது. பக்கத்துச் செடி தெரியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் நாங்கள் பாட்டை நிறுத்தவே மாட்டோம். சத்தம் கேட்டால் காட்டெருமை ஒதுங்கிவிடும், வழி தவறியவர்களும் சத்தத்தைப் பிடித்து வந்துவிடுவார்கள். இது ஆபீசருக்குத் தெரியாது. தடை போட்டபோது அவர் கேட்கவும் இல்லை. அன்று எல்லோரும் ஊமையாக நின்றோம்.

மேட்டில் எங்கோ காட்டெருமை சீறியது. கூடவே ஆபீசரின் குரல்.

"ஏனுங்க, ஆராச்சும் இருக்கீங்களா?"

மதினி கத்தினார்: "இருக்கோம் ஐயா. விடாமச் சத்தம் குடுங்க, மாடு ஒதுங்கிரும்."

"என்னன்னுங்க சத்தம் குடுக்கறது?"

"வாயில வர்றதப் பாடுங்க."

பனிக்குள்ளிருந்து நடுங்கும் குரலில் வந்தது: "அட்டைக்குப் பயந்த ஐயா..." வேறு பாட்டு வாயில் வரவில்லை போலும். கடைசி வரியை, "காலு வலிக்குதுங்களா ராசா?" என்று மரியாதையோடு முடித்தார்.

நான் கேட்டேன்: "ஐயா, நானும் பாடட்டுமா? பேரை வெட்டுவீகளா?"

"பாடுங்க அம்மிணி, மொதல்ல பாடுங்க."

நிரை மொத்தமும் பாடியது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஆபீசர் இறங்கி வந்தார், ஒரு கால் துணி அவிழ்ந்து இழுபட. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது.

3. பிறகு

தடையைப் பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை. நாங்களும் அவர் வேலையை வைத்து வாராவாரம் பாட்டுக் கட்டினோம். இன்று வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது மதினி சொன்னதைத்தான்: செய்கிற வேலையைப் பாடு, வீட்டையும் உடம்பையும் பாடாதே. மேலதிகாரியாகப் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று உண்டு. அதை அந்த ஆபீசரிடமே கற்றேன்.

சில மாதம் கழித்து, எடை போடும் இடத்தில் அவர் எங்களிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க, இந்த வாரம் எம்மேல பாட்டே வர்லீங்களே. எம்பட வேலையில தப்பு ஒண்ணும் இல்லீங்களா?"

மதினி கூடையை இறக்கி வைத்தார்.

"தப்பு இருக்கு ஐயா. பாட்டுத்தான் இன்னும் கட்டி முடியல."